பிபி நார்மல்... ஆனாலும் உயிருக்கு ஆபத்து ஏன்? உடலின் ‘கடைமடை’ ரத்தக் குழாய்களை எண்ணிய ஆகஸ்ட் க்ரோக் யார்?

ஐசியு வாசலில் காத்திருந்தவர்களுக்கு இந்தக் குழப்பம் தெரிந்திருக்கும். கண்ணாடி வழியா எட்டிப் பார்த்தால் மானிட்டரில் பிபி சரியாக இருக்கும், பல்ஸ் ஓடிக்கொண்டிருக்கும், ஆக்சிஜன் 98 என்று காட்டும். ஆனால் வெளியே வரும் டாக்டர் மட்டும் நிலைமை இன்னும் மோசம்தான் என்பார். எல்லா நம்பரும் நல்லா இருக்கே, அப்புறம் என்ன பிரச்சனை?

காவிரி டெல்டா செய்தி படிப்பவர்களுக்கு இதைச் சட்டென்று விளக்கிவிடலாம். மேட்டூரில் தண்ணீர் திறந்தாச்சு, ஆற்றிலும் தண்ணீர் ஓடுது. ஆனா கடைமடைக்கு வரவில்லை. அணையின் நீர்மட்டத்தை மட்டும் பார்ப்பவருக்குக் கடைமடையில் கருகும் பயிர் தெரியாது. பிபி என்பது பெரிய குழாய்களில் இருக்கும் அழுத்தம். உயிர் பிழைப்பதோ, தலைமுடியைவிட மெல்லிய கடைசிக் குழாய்களில் ரத்தம் ஓடுகிறதா என்பதைப் பொறுத்தது. பள்ளிப் புத்தகத்தில் ‘தந்துகி’ என்று படித்தோமே, அதுதான். அதன் அகலம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. ஒரு சிவப்பணுவே உடம்பை வளைத்து நெளித்துத்தான் அதற்குள் நுழையும்.

இந்தக் கடைமடைக் கணக்கை முதன்முதலில் ஒழுங்காகப் போட்டுப் பார்த்தவர், டென்மார்க்கைச் சேர்ந்த ஆகஸ்ட் க்ரோக். அதற்காக 1920-ல் மருத்துவ நோபல் பரிசு வாங்கியவர். ஆனால் அவர் மருத்துவரே கிடையாது, விலங்கியல் படித்தவர். வீட்டில் டாக்டர் பட்டம் வாங்கியிருந்தது அவருடைய மனைவி மேரி.

கப்பலுக்குப் போன பையன்

டென்மார்க்கின் கிழக்குக் கடலோரத்தில் கிரேனோ என்ற சின்ன துறைமுக ஊர். 1874 நவம்பர் 15-ந் தேதி அங்கே பிறந்தார் க்ரோக். சின்ன வயதிலிருந்தே பூச்சி, செடி, தானாகச் செய்து பார்க்கும் சோதனைகள் என்றுதான் பொழுது போனது. கடற்படையில் சேரும் ஆசையில் 14 வயதில் பள்ளியை விட்டுவிட்டு, ஐஸ்லாந்து மீன்பிடிக் கடல் பக்கம் காவலுக்குப் போகும் கப்பலில் ஒரு கோடையைக் கழித்தார். கடல் வாழ்க்கை ஒத்துவரவில்லை. திரும்பி வந்து படிப்பைத் தொடர்ந்தார்.

1893-ல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகம். அங்கே உடலியல் பேராசிரியர் கிறிஸ்டியன் போரின் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்ததுதான் திருப்புமுனை. போர் என்ற பெயரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? அணுவின் அமைப்பைச் சொன்ன நீல்ஸ் போரின் அப்பாதான் இவர்.

க்ரோக்கின் பெரிய பலம் அவருடைய கை. ஒரு விஷயத்தை அளக்கக் கருவி இல்லையென்றால், அவரே உட்கார்ந்து செய்துவிடுவார். கரியமில வாயு கூடினால் ரத்தம் ஆக்சிஜனை எளிதாக விட்டுவிடும் என்று 1904-ல் கண்டுபிடிக்கப்பட்டது. மருத்துவ மாணவர்கள் இன்றும் ‘போர் விளைவு’ என்று மனப்பாடம் செய்யும் அந்த ஆய்வில் க்ரோக்கின் பெயரும் உண்டு. குருவுக்கும் சிஷ்யனுக்கும் எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

குருவுக்கு எதிராக ஏழு கட்டுரைகள்

அந்தக் காலத்தில் உடலியலில் ஒரு பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. மூச்சில் வரும் ஆக்சிஜன் ரத்தத்துக்குள் எப்படிப் போகிறது? உமிழ்நீர்ச் சுரப்பி எச்சிலைச் சுரப்பது போல, நுரையீரல்தான் ஆக்சிஜனைப் பிடித்து ரத்தத்துக்குள் தள்ளுகிறது என்பது போரின் வாதம். பிரிட்டனில் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற பெரும் விஞ்ஞானியும் இதே மாதிரியான கருத்தில்தான் இருந்தார். தொடக்கத்தில் க்ரோக்கும் போரின் பக்கம்தான் சாய்ந்திருந்தார்.

1905-ல் க்ரோக், மருத்துவ மாணவியாக இருந்த மேரியைத் திருமணம் செய்துகொண்டார். அதன்பின் வீடு எது, ஆய்வகம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாத வாழ்க்கை. 1908-ல் இருவரும் கிரீன்லாந்துக்குப் போய், இறைச்சியையே பிரதான உணவாகச் சாப்பிடும் இன்யூட் மக்களின் உடல் அதை எப்படிச் சமாளிக்கிறது என்று அளந்தார்கள்.

ஆனால் பெரிய வேலை நடந்தது கோபன்ஹேகனில். ரத்தத்தோடு ஒரு துளியூண்டு காற்றுக் குமிழியைப் பழகவிட்டு, பிறகு அந்தக் குமிழியில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று அளக்கும் கருவியை க்ரோக் உருவாக்கினார். எத்தனை முறை அளந்தாலும் ஒரே பதில்தான் வந்தது. நுரையீரல் எதையும் தள்ளுவதில்லை. ஆக்சிஜன் அதிகமாக இருக்கும் இடத்திலிருந்து குறைவாக இருக்கும் இடத்துக்கு அது தானாகவே பரவுகிறது. ஊதுபத்தி வாசனை அறை முழுக்கப் பரவுகிற மாதிரி. அவ்வளவுதான்.

வேலை கொடுத்து, தொழில் கற்றுக்கொடுத்த பேராசிரியரின் முக்கியக் கொள்கையே தப்பு என்று எழுத வேண்டிய நிலை. 1910-ல் க்ரோக் தம்பதியின் ஏழு கட்டுரைகள் ஒரே நேரத்தில் வெளியாயின. விஞ்ஞான வட்டாரத்தில் அவற்றுக்கு ‘ஏழு குட்டிச் சாத்தான்கள்’ என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. குருவின் மேல் மரியாதை குறையாமல்தான் எழுதினார் க்ரோக். ஆனாலும் விரிசல் விழுந்தது. அடுத்த ஆண்டே, 1911-ல், போர் காலமானார்.

மேரியின் பங்கு இதோடு நிற்கவில்லை. மிகக் குறைந்த அளவு கார்பன் மோனாக்சைடை ஒரே மூச்சில் இழுக்க வைத்து, நுரையீரல் வாயுவை எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்று அளக்கும் முறையை அவர் 1915-ல் வெளியிட்டார். நுரையீரல் மருத்துவர்கள் இன்று எழுதிக்கொடுக்கும் ‘டிஎல்சிஓ’ டெஸ்ட்டின் வேர் இதுதான். டெஸ்ட் எடுக்கிறவர்களில் எத்தனை பேருக்கு மேரி க்ரோக்கைத் தெரியும் என்பது வேறு கதை.

தசைக்குள் எத்தனை கதவுகள்?

நுரையீரல் கேள்வி முடிந்ததும், அடுத்த கேள்வி தானாக முளைத்தது. நுரையீரலில் ஆக்சிஜன் தானாகத்தான் பரவுகிறது என்றால், உடம்பின் மறுமுனையில், தசைக்குள்ளும் அப்படித்தானே பரவ வேண்டும்? தானாகப் பரவும் வாயுவால் ரொம்ப தூரம் போக முடியாது. தந்துகியிலிருந்து ஒரு மயிரிழை தூரத்தில் இருக்கும் செல்லுக்குக் கிடைப்பது, இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கும் செல்லுக்குக் கிடைக்காமல் போகலாம்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது தசைக்கு ஆக்சிஜன் கொஞ்சம் போதும். ஓடும்போது பல மடங்கு வேண்டும். ரத்தம் வேகமாக ஓடினால் மட்டும் போதுமா? போதாது என்றது க்ரோக்கின் கணக்கு. ஓய்வின்போது மூடிக் கிடக்கும் தந்துகிகள், வேலை செய்யும்போது திறந்தாக வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு செல்லுக்கும் பக்கத்திலேயே ஒரு குழாய் இருக்கும், ஆக்சிஜன் போக வேண்டிய தூரமும் குறையும்.

கணக்கு சரி, ஆதாரம்? தவளை, கினிப் பன்றி போன்ற விலங்குகளின் ரத்தத்தில் இந்தியன் இங்க் எனப்படும் கறுப்பு மையைச் செலுத்தினார். ரத்தம் ஓடும் குழாயில் மட்டும் மை ஏறும், மூடிய குழாயில் ஏறாது. பிறகு தசையை மெல்லிய சீவலாக வெட்டி, மைக்ரோஸ்கோப்பில் வைத்துக் கறுப்புப் புள்ளிகளை எண்ணினார். ஓய்விலிருந்த தசையில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சில பத்துகள், மிஞ்சினால் சில நூறு. வேலை செய்த தசையில் 2,000-ஐத் தாண்டியது!

இங்கே எதிர்பாராத ஒருவர் கதைக்குள் வருகிறார். தந்துகியிலிருந்து தள்ளிப்போகப் போக ஆக்சிஜன் எவ்வளவு குறையும் என்பதற்கு ஒரு சமன்பாடு தேவைப்பட்டது. அதைப் போட்டுக்கொடுத்தவர் ஆக்னர் எர்லாங். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த கணித வல்லுநர். இத்தனை பேர் போன் பேசினால் எத்தனை லைன் வேண்டும் என்று கணக்குப் போட்டவர். மொபைல் நெட்வொர்க்கில் போக்குவரத்தை அளக்கும் அலகுக்கு இன்றும் அவர் பெயர்தான். நீங்க இப்ப கையில் வைத்திருக்கும் போனுக்கும், உங்க தசைக்குள் ஓடும் ஆக்சிஜனுக்கும் கணக்குப் போட்டது ஒரே மனிதர்!

இந்த ஆய்வுகள் 1919-ல் மூன்று கட்டுரைகளாக வந்தன. அடுத்த ஆண்டே நோபல். அதுவரை இதயம் எவ்வளவு வேகமாக அடிக்கிறது, எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுகிறது என்பதுதான் பேச்சாக இருந்தது. மடைகளில் எத்தனை திறந்திருக்கு என்று கேட்டவர் க்ரோக்.

அவர் சொன்னதெல்லாம் அப்படியே நின்றதா என்றால், இல்லை. தந்துகிகளே சுருங்கி விரிந்து மொத்தமாக மூடித் திறக்கின்றன என்பதை அவர் கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டார். ஓய்விலும் பெரும்பாலான தந்துகிகளில் ஏதோ ஓட்டம் இருக்கிறது, கட்டுப்பாடு பெரும்பாலும் அவற்றுக்கு முன்னால் இருக்கும் சிறு தமனிகளின் கையில்தான் என்று பின்னாளைய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் திசு தன் தேவைக்கு ஏற்ப ரத்தத்தைப் பங்கிட்டுக்கொள்கிறது, தூரம் கூடினால் செல் பட்டினி கிடக்கும் என்ற அடிப்படை ஆடவில்லை.

சரி, இதுக்கும் ஐசியு-வுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம் இருக்கிறது. கிருமித் தொற்று உடல் முழுக்கப் பரவி உறுப்புகளைப் பாதிக்கும் நிலையை ‘செப்சிஸ்’ என்கிறார்கள். டிரிப்ஸ் ஏற்றி, பிபியை உயர்த்தும் மருந்தும் கொடுத்தால் மானிட்டரில் நம்பர் ஏறிவிடும். ஆனால் உள்ளே சில தந்துகிகளில் ரத்தம் வேகமாகப் பாய்ந்துகொண்டிருக்க, பக்கத்துத் தந்துகி அப்படியே அடைத்து நிற்கும். அடைத்த குழாயைச் சுற்றியிருக்கும் செல்களுக்கு ஆக்சிஜன் வர வேண்டிய தூரம் கூடிவிடும். க்ரோக்கும் எர்லாங்கும் காகிதத்தில் போட்ட அதே கணக்கு, இங்கே நோயாளியின் உடம்பில்! சிறுநீரகமும் கல்லீரலும் இப்படித்தான் சத்தமில்லாமல் கைவிட ஆரம்பிக்கும்.

க்ரோக்குக்கு மையும் கத்தியும் தேவைப்பட்டன. உயிரோடு இருக்கும் நோயாளியிடம் அது நடக்குமா? 1990-களின் கடைசியில் இதற்கு ஒரு வழி பிறந்தது. டார்ச் மாதிரி கையில் பிடிக்கும் சின்ன மைக்ரோஸ்கோப்பை நோயாளியின் நாக்குக்கு அடியில் வைத்துப் பச்சை வெளிச்சம் அடிக்கிறார்கள். சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபின் அந்த வெளிச்சத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் சிவப்பணுக்கள் கறுப்புப் புள்ளிகளாக வரிசைகட்டி ஓடுவது திரையில் தெரியும். எது ஓடுகிறது, எது நிற்கிறது, எது விட்டுவிட்டு ஓடுகிறது என்று எண்ணலாம். நாக்கு ஏன்? மெல்லிய சவ்வு, எளிதில் எட்டும் இடம், வெட்டத் தேவையில்லை.

இந்தக் கேமரா வழியே பார்த்த ஆய்வுகள் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பக் காட்டின. செப்சிஸ் நோயாளிகளில் இந்தச் சிறு குழாய்களின் ஓட்டம் சீக்கிரம் தேறியவர்கள் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். பிபி ஒரே மாதிரி இருந்தாலும்கூட. இருந்தும் இந்தக் கேமரா எல்லா ஐசியு-விலும் வரவில்லை. நாக்கை அழுத்திவிட்டால் படம் தப்பாகிவிடும், நோயாளி அசையக் கூடாது, எடுத்த வீடியோவை உட்கார்ந்து அலச நேரம் வேண்டும். இப்போதைக்கு இது பெரும்பாலும் ஆராய்ச்சிக் கருவியாகவே இருக்கிறது.

ஆனால் காசே செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. டாக்டர் நோயாளியின் விரல் நுனியை அழுத்தி வெளுக்க வைத்து, விட்டுவிட்டு, மறுபடி சிவக்க எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பார். பெரியவர்களுக்கு 3 விநாடிக்கு மேல் போனால் கவலைதான். தென் அமெரிக்க மருத்துவமனைகளில் செப்சிஸ் அதிர்ச்சி நிலைக்குப் போன 424 பேரிடம் நடந்து, 2019-ல் வெளியான ‘ஆண்ட்ரோமெடா ஷாக்’ ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. ஒரு பிரிவுக்கு ரத்தத்தில் லாக்டேட் அளவைப் பார்த்துச் சிகிச்சை, இன்னொரு பிரிவுக்கு விரல் நுனியைப் பார்த்துச் சிகிச்சை. 28 நாளில் லாக்டேட் பிரிவில் 43.4 சதவீதம் பேரும், விரல் பிரிவில் 34.9 சதவீதம் பேரும் இறந்தார்கள். புள்ளியியல் கணக்கில் இது உறுதியான வெற்றி என்று சொல்ல முடியாத, எல்லையோர வித்தியாசம். ஆனாலும் 2021-ல் வந்த சர்வதேச செப்சிஸ் வழிகாட்டுதல், மற்ற அளவுகளோடு இதையும் பார்க்கலாம் என்று பரிந்துரைத்தது. (வீட்டில் விரலை அழுத்திப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். குளிர், வெளிச்சம், வயது எல்லாமே இந்த விநாடிகளை மாற்றும்.)

மேரிக்கு வந்த சர்க்கரை நோய்

மறுபடி க்ரோக் வீட்டுக்கு. நோபல் வாங்கிய கையோடு அமெரிக்காவிலிருந்து அழைப்பு வந்தது. 1922-ல் யேல் பல்கலைக்கழகத்தில் தந்துகிகள் பற்றித் தொடர் சொற்பொழிவு. மேரியும் உடன் போனார். அதற்குள் அவருக்குச் சர்க்கரை நோய் வந்திருந்தது. இன்சுலின் இல்லாத காலம் அது. சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்து, கிட்டத்தட்டப் பட்டினி போட்டு நாளைக் கடத்துவதுதான் வைத்தியம். தனக்கு என்ன காத்திருக்கிறது என்பது டாக்டரான மேரிக்கு நன்றாகவே தெரியும்.

அமெரிக்காவில் போகும் இடமெல்லாம் ஒரே பேச்சு. கனடாவின் டொரன்டோவில் இன்சுலின் என்று ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள், சாகக் கிடந்தவர்கள் எழுந்து உட்காருகிறார்கள் என்று. டொரன்டோவுக்குப் போயே ஆக வேண்டும் என்று க்ரோக்கை வற்புறுத்தியது மேரிதான். 1922 நவம்பரில் க்ரோக் அங்கே போய்ப் பேராசிரியர் மெக்லியோடைச் சந்தித்தார். தயாரிப்பு முறையைத் தெரிந்துகொண்டு, ஸ்காண்டிநேவிய நாடுகளில் இன்சுலின் தயாரிக்க டொரன்டோ பல்கலைக்கழகத்தின் அனுமதியோடு ஊர் திரும்பினார்.

அதற்குப் பிறகு நடந்த வேகம்தான் ஆச்சரியம். மேரிக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஹாகெடார்ன் கூடச் சேர்ந்தார். கசாப்புக் கூடத்து மாடுகளின் கணையத்திலிருந்து அந்த டிசம்பரிலேயே இன்சுலினைப் பிரித்துவிட்டார்கள். மருந்துக் கம்பெனி முதலாளி அவ்குஸ்ட் கோங்ஸ்டெட் பணம் போட்டார். 1923 மார்ச்சில் டென்மார்க் நோயாளிகளுக்கு ஊசி போட ஆரம்பித்தாயிற்று. டொரன்டோ போய் வந்து நாலே மாதம்!

அப்படிப் பிறந்ததுதான் ‘நார்டிஸ்க்’ இன்சுலின் ஆய்வகம். அங்கிருந்து சண்டை போட்டு வெளியேறிய சகோதரர்கள் 1925-ல் ‘நோவோ’ என்று போட்டிக் கம்பெனி தொடங்கினார்கள். இரண்டும் 1989-ல் ஒன்றாகி ‘நோவோ நார்டிஸ்க்’ ஆனது. ஆமாம், உடல் எடை குறைக்கும் ஊசி என்று நியூஸில் அடிபடும் ஓசெம்பிக்கை விற்கும் அதே நிறுவனம்தான். குலுக்கிப் போட வேண்டிய பால்நிற இன்சுலினை ‘என்பிஹெச்’ என்கிறார்களே, அதில் வரும் ஹெச், ஹாகெடார்னின் பெயர்.

டொரன்டோவின் பான்டிங், மெக்லியோட் இருவரையும் நோபலுக்குப் பரிந்துரைத்தவர்களில் க்ரோக்கும் ஒருவர். 1923-ல் அவர்களுக்கே பரிசு போனது. தன்னுடன் உழைத்த பெஸ்ட் விடுபட்டுவிட்டார் என்று பான்டிங் கொதித்தது, அந்தச் சண்டை பல ஆண்டுகள் ஓடியது எல்லாம் தனிக்கதை.

கடைசி ஆண்டுகள்

க்ரோக் ஒரே இடத்தில் நிற்கிற ஆள் இல்லை. ராக்பெல்லர் அறக்கட்டளை உதவியில் 1928-ல் கோபன்ஹேகனில் பெரிய ஆய்வகம் எழுந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் விடை தேட ரொம்பப் பொருத்தமான ஒரு விலங்கு எங்கேயாவது இருக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. உயிரியலில் இன்றும் அது ‘க்ரோக் கொள்கை’ என்றே வழங்குகிறது. தவளை, மீன், கடைசிக் காலத்தில் வெட்டுக்கிளி. பறக்கும் வெட்டுக்கிளி எவ்வளவு ஆக்சிஜன் செலவழிக்கிறது என்று தன் இளம் சகாவோடு அளந்துகொண்டிருந்தார். அந்தக் கட்டுரை வெளியானபோது அவர் உயிரோடு இல்லை.

1940-ல் ஹிட்லரின் படை டென்மார்க்கைப் பிடித்தது. 1943-ல் மேரி மார்பகப் புற்றுநோயால் இறந்தார். இன்சுலின் அவருக்கு இருபது ஆண்டுகள் வாங்கிக் கொடுத்திருந்தது. மனைவியை இழந்த க்ரோக், ஜெர்மானியரின் கண்ணில் படாமல் ஸ்வீடனுக்குத் தப்பிப் போக வேண்டியதாயிற்று. போர் முடிந்து 1945-ல் திரும்பியவர் பல்கலைக்கழகப் பதவியை விட்டார், ஆராய்ச்சியை விடவில்லை. 1949 செப்டம்பர் 13-ந் தேதி, 74 வயதில் காலமானார்.

அவர்களுடைய மகள் போடில் ஷ்மித் நீல்சனும் உடலியல் விஞ்ஞானிதான். 1975-ல் அமெரிக்க உடலியல் சங்கத்தின் முதல் பெண் தலைவர் ஆனார். இருபது ஆண்டுகள் கழித்து அப்பா, அம்மாவின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். நோபல் பரிசில் இருந்தது ஆகஸ்ட் பெயர் மட்டும். மகள் புத்தகத்தின் அட்டையில் ஆகஸ்ட், மேரி இரண்டு பெயர்களையும் போட்டார்.